உயரத்தில் மிதக்கும் துகள்களை விமானத்தில் போய் அளப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஆய்வு விமானங்களைக் கொண்டு காற்றுத் துகள்களை அளப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கணக்கு கேட்டவர்களுக்குக் கணக்காகவே சொல்லியிருக்கிறோம். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

செயற்கைக்கோள்தான் மேலிருந்தபடியே புகைமூட்டத்தைப் படம் எடுக்கிறதே, பிறகு விமானம் எதற்கு?
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், சென்னை

பெரும்பாலான செயற்கைக்கோள்கள் துகள்களைப் பொறுத்தவரை ஒரே ஒரு எண்ணைத்தான் தருகின்றன. தரையிலிருந்து வானத்தின் உச்சிவரை உள்ள அத்தனை துகள்களும் சேர்ந்து சூரிய ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதுதான் அந்த எண். அந்தப் புகை மொட்டைமாடி உயரத்தில் நிற்கிறதா, நான்கு கிலோமீட்டர் மேலே நிற்கிறதா என்று அதிலிருந்து தெரியாது.

உயரத்தைப் பிரித்துக் காட்டிய செயற்கைக்கோளும் உண்டு. 2006 ஏப்ரலில் ஏவப்பட்டு 2023 வரை வேலை செய்த கலிப்ஸோ, கீழ்நோக்கி லேசர் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை வைத்து அடுக்கு அடுக்காகப் படம் தந்தது. ஆனால் திரும்பி வந்த ஒளியைத் துகளின் அளவாக மாற்ற, அது தூசியா, புகையா, கடல் உப்பா என்று முதலில் ஊகிக்க வேண்டும். ஊகம் தவறினால் விடையும் தவறும். பகலில் சூரிய வெளிச்சமே இரைச்சலாகிவிடுவதால் மெல்லிய அடுக்குகள் கண்ணில் படாமல் போகும். துகள் எவ்வளவு கறுப்பு, அதாவது எவ்வளவு வெப்பத்தை விழுங்கும் என்பதை அதனால் நேரடியாகச் சொல்லவே முடியாது. அதற்குக் கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த உயரத்துக்கே போயாக வேண்டும்.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம், 2006 மார்ச் முதல் மே வரை இஸ்ரோ நடத்திய 'ஐகார்ப்' ஆய்வு. தரை நிலையங்கள், 'சாகர் கன்யா' கப்பல், ஒரு பீச்கிராஃப்ட் சூப்பர் கிங் ஏர் விமானம் மூன்றும் ஒரே பருவத்தில் அளந்தன. விமானம் புவனேஸ்வர், சென்னை, திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து கிளம்பிக் கடற்கரையை ஒட்டிப் பறந்தது. கீழே வரும் பதில்களில் 'விமானம்' என்று பொதுவாகச் சொல்லும்போது இப்படிப்பட்ட, புரொப்பெல்லர் உள்ள இரட்டை எஞ்சின் விமானத்தைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறோம்.

விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்திலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டினால், உள்ளே வருவது வெளியே இருக்கும் அதே காற்றுதானா?
– பாலிடெக்னிக் விரிவுரையாளர், கோயம்புத்தூர்

இல்லை. இந்தத் துறையில் பாதி உழைப்பு இந்த 'இல்லை'யைச் சரிக்கட்டுவதிலேயே போகிறது. லட்சக்கணக்கில் விலை போகும் கருவியை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, காற்றை உறிஞ்சும் இன்லெட்டில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய வரைபடத்தில் பெரிய துகள்கள் இருக்கும் இடத்தை நம்ப வேண்டாம்.

முதல் விஷயம், குழாயை எங்கே பொருத்துவது என்பது. விமானத்தின் உடலை ஒட்டி ஓடும் காற்று உராய்வால் மெதுவாகிக் கலங்கிப்போயிருக்கும். மூக்கிலிருந்து 5 மீட்டர் பின்னால் இந்தக் கலங்கல் படலம் ஏறக்குறைய 6 செ.மீ. தடிமன் இருக்கும், உயரே போகப்போக இன்னும் தடிக்கும். அதனால் கூரையில் பொருத்தும் இன்லெட்டின் வாய் 25–30 செ.மீ. மேலே நிற்க வேண்டும். புரொப்பெல்லர் அடிக்கும் காற்றும் எஞ்சின் புகையும் எட்டாத இடமாக, அதாவது அவற்றுக்கு முன்னால் இருப்பதும் முக்கியம்.

இரண்டாவது, வேகப் பொருத்தம். வெளிக்காற்று எந்த வேகத்தில் வாய்க்கு வருகிறதோ அதே வேகத்தில் உள்ளே போக வேண்டும். இதைத்தான் ஐசோகைனடிக் என்கிறோம். வாயின் உள்விட்டம் 4 மி.மீ. என்று வையுங்கள். பரப்பு 0.126 சதுர செ.மீ. விநாடிக்கு 100 மீட்டர் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 75 லிட்டர் உறிஞ்ச வேண்டும். பம்ப் 50 லிட்டர்தான் இழுக்கிறது என்றால் மிச்சக் காற்று வாயைச் சுற்றி விலகி ஓடிவிடும். அரை மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கீழான சின்னத் துகள்கள் காற்றோடு வளைந்து போய்விடும், அவற்றுக்கு இதனால் பெரிய வித்தியாசமில்லை. ஐந்து மைக்ரான் தூசியோ வளைய முடியாமல் நேரே குழாய்க்குள் பாயும். காற்று குறைவு, தூசி முழுசு. ஆகவே பெரிய துகளின் செறிவு ஒன்றரை மடங்கு வரை கூடுதலாகத் தெரியும். பம்ப் அதிகமாக இழுத்தால் இதற்கு நேர் எதிர்.

இங்கே பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. விமானி தன் வேகமானியில் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறார். காற்று மெலிவதால் உண்மையான வேகம் கூடிக்கொண்டே போகிறது. தரைமட்டத்தில் 100 மீட்டர் என்றால் 3 கி.மீ. உயரத்தில் அது 116 மீட்டர். 75 லிட்டர் அங்கே 87 லிட்டராக வேண்டும். ஒவ்வொரு உயரத்திலும் பம்பைத் திருப்பிச் சரிசெய்ய ஓர் ஆளோ, தானியங்கி வால்வோ இல்லாவிட்டால், உயரத்தோடு தூசி மாறுகிறது என்று நீங்கள் நினைப்பது பம்பின் சேட்டையாக இருக்கலாம்.

மூன்றாவது, வேகத்தைத் தணிப்பது. 100 மீட்டர் வேகத்தில் வரும் காற்றை அப்படியே ஒரு வளைவில் திருப்பினால் பெரிய துகளெல்லாம் சுவரில் மோதி ஒட்டிக்கொள்ளும். அதனால் வாய்க்குப் பின்னால் குழாயைக் கூம்பாக விரித்து வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைப்பார்கள், 4 மி.மீ. விட்டம் ஏறக்குறைய 12.6 மி.மீ. ஆக வேண்டும். விரிவு மிக மெதுவாக, சில டிகிரி கோணத்தில்தான் இருக்க வேண்டும். அவசரப்பட்டு விரித்தால் காற்று சுவரைவிட்டுப் பிரிந்து சுழலும். சுழலில் துகள்கள் சுவரில் அப்பும். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஒரு வரம்பு உண்டு. நாசாவின் டிசி-8 விமானத்தில் 2003-ல் இன்லெட்டுகளைச் சோதித்தபோது, நல்ல கூம்பு இன்லெட்டில் பாதித் துகள் தப்பி உள்ளே வரும் அளவு தரைமட்டத்தில் சுமார் 5 மைக்ரான், 12 கி.மீ. உயரத்தில் சுமார் 3 மைக்ரான் என்று கிடைத்தது. அதைவிடப் பெரிய தூசியை எண்ண வேண்டுமானால் குழாயை மறந்துவிட்டு, இறக்கைக்குக் கீழே திறந்தவெளியில் தொங்கும் ஒளிக்கருவியைத்தான் நம்ப வேண்டும்.

நான்காவது, சூடு. வேகமாக வரும் காற்றை நிறுத்தினால் அது சூடாகும். 100 மீட்டர் வேகத்துக்கு 5 டிகிரி, 200 மீட்டர் வேகத்துக்கு 20 டிகிரி. வங்கக்கடல் மேல் 25 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதத்தோடு இருந்த காற்று 5 டிகிரி சூடானாலே ஈரப்பதம் 63 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நீர் குடித்து ஊதியிருந்த உப்புத் துகள் குழாய்க்குள்ளேயே சுருங்கிவிடுகிறது. கருவி அளப்பது அந்தச் சுருங்கிய துகளை. வெளியே அது எவ்வளவு ஒளியைச் சிதறடித்தது என்று தெரிய, ஈரப்பத வளர்ச்சியைத் தனியாகக் கணக்கிட்டுத் திரும்ப ஏற்ற வேண்டும்.

குழாயின் பொருளும் கவனிக்க வேண்டியதே. டெஃப்லான் குழாயில் மின்னூட்டம் ஏறித் துகள்களை இழுத்துக்கொள்ளும். கரி கலந்த சிலிக்கான் குழாய் மின்சாரத்தைக் கடத்தும் என்று போட்டால், அதிலிருந்து கசியும் சிலாக்ஸேன் வாயு வேதிக் கருவிகளின் அளவைக் கெடுக்கும். துருப்பிடிக்காத எஃகோ செம்போ போடுங்கள், வளைவுகளைக் குறையுங்கள், நீளத்தையும் குறையுங்கள்.

விமானத்துக்குள் என்னென்ன கருவிகள் இருக்கும்? ஒன்றே போதாதா?
– பள்ளி அறிவியல் ஆசிரியை, சேலம்

போதாது. காற்றுத் துகளின் அளவு சில நானோமீட்டரிலிருந்து (மைக்ரானில் ஆயிரத்தில் ஒன்று) பத்துப் பதினைந்து மைக்ரான் வரை, அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல் விரிகிறது. ஒரே கருவி அத்தனையையும் பார்க்காது.

எத்தனை துகள் என்று மட்டும் சொல்வது ஒடுக்க எண்ணி. பியூட்டனால் ஆவியை ஒவ்வொரு துகளின் மேலும் படியவைத்து, சில மைக்ரான் துளியாக வளர்த்து, லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும். பத்து நானோமீட்டர் துகளும் தப்பாது, ஆனால் எது பெரியது எது சிறியது என்று அதற்குத் தெரியாது. விமானத்தில் இது ஒரு தலைவலி. விமானம் சாய்ந்தால் பியூட்டனால் ஒளியறைக்குள் புகுந்துவிடும். பிறகு ஒரு நாள் முழுக்க உலர்த்த வேண்டியதுதான். பியூட்டனால் தீப்பற்றக்கூடியது என்பதால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு விமானப் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து தேவை. அதன் கழிவுக்காற்றை வெளியேற்றும் துளை எல்லா இன்லெட்டுக்கும் பின்னால் இருக்க வேண்டும்.

இறக்கைக்குக் கீழே தொங்குவது பிகாஸ்ப் வகைக் கருவி. 0.1 முதல் 3 மைக்ரான் வரையிலான துகள்களை, அவை சிதறடிக்கும் லேசர் ஒளியை வைத்து அளவு பிரிக்கும். அளவீட்டைச் சரிபார்க்கப் பாலிஸ்டைரீன் மணிகளைத் தூவுவார்கள். அந்த மணியின் ஒளிவிலகல் எண் 1.59. நிஜக் காற்றில் உள்ள சல்ஃபேட்டுக்குச் சுமார் 1.53. இதைத் திருத்தாமல் விட்டால் சல்ஃபேட் துகள் எல்லாம் உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியும். தூசி உருண்டையே இல்லை என்பதால் அங்கே பிழை இன்னும் கூடும்.

ஒளிச்சிதறலை அளக்கும் நெஃபலோமீட்டர் 450, 550, 700 நானோமீட்டர் என்று மூன்று நிறங்களில் பார்க்கும். தரையில் கார்பன் டை ஆக்ஸைடு வாயுவை நிரப்பி அளவு திருத்துவது வழக்கம். நீலத்தில் அதிகமாகவும் சிவப்பில் குறைவாகவும் சிதறினால் சிறிய துகள், அதாவது புகை. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருந்தால் தூசி அல்லது கடல் உப்பு. பறந்துகொண்டே முதல் ஊகம் செய்ய இதைவிட எளிய வழி இல்லை.

புகைக்கரிக்கு ஏத்தலோமீட்டர். குவார்ட்ஸ் நாரால் ஆன நாடாவில் காற்றை ஓட்டி, கறுப்பு படியப்படிய 880 நானோமீட்டர் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பது. மலிவு, உறுதி, ஆனால் நாடாவின் ஈரம் மாறினாலோ அழுத்தம் சட்டென்று மாறினாலோ அதன் எண்கள் குதிக்கும், சில நேரம் பூஜ்யத்துக்குக் கீழேகூடப் போகும். இதற்கு மாற்று, 1064 நானோமீட்டர் லேசரில் ஒவ்வொரு கரித்துகளையும் தனித்தனியாக 4,000 கெல்வின் அளவுக்குச் சூடேற்றி, அது ஒளிரும்போது நிறையை அறியும் எஸ்பி-2. விலை பல மடங்கு. பணம் இருந்தால் இதுதான்.

ஒரே பறப்பைப் பற்றிய இரண்டு வரைபடங்களைப் பார்த்தேன். 3 கி.மீ. உயரத்தில் ஒன்று கன செ.மீ.க்கு 1,000 துகள் என்கிறது, மற்றது 1,500 என்கிறது. எது தவறு?
– முதுகலை இயற்பியல் மாணவி, திருச்சி

இரண்டும் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று அந்த உயரத்தில் உள்ளபடி, மற்றது தரப்படுத்திய நிலையில். அச்சில் எழுதாமல் விட்டவர்மீதுதான் தவறு.

உயரத்தில் காற்று விரிந்திருக்கிறது. ஒரு கன செ.மீ.யில் காற்று மூலக்கூறும் குறைவு, துகளும் குறைவு. புகை உண்மையிலேயே குறைந்ததா, வெறுமனே விரிந்ததா என்று பிரிக்க, எல்லா அளவையும் 0 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற ஒரே நிலைக்கு மாற்றுகிறோம். பெருக்க வேண்டிய எண் இரண்டு பின்னங்களின் பெருக்கல்: 1013.25-ஐ அந்த இடத்து அழுத்தத்தால் வகுத்தது ஒன்று, அந்த இடத்துக் கெல்வின் வெப்பநிலையை 273.15-ஆல் வகுத்தது மற்றது.

தென்னிந்தியக் கோடையில் 3 கி.மீ.க்குச் சற்று மேலே 700 ஹெக்டோபாஸ்கல், 10 டிகிரி என்று எடுத்துக்கொள்வோம். 1.4475 பெருக்கல் 1.0366, ஆக 1.50. உங்கள் 1,000 அங்கே 1,500 ஆகிறது. இனி தரைக்கு வாருங்கள்: 1008 ஹெக்டோபாஸ்கல், 30 டிகிரி. பெருக்கும் எண் 1.116. தரையிலும் தரப்படுத்திய அளவு 1,500-தான் என்றால், உள்ளபடி எண்ணினால் சுமார் 1,345 வரும். அதாவது மதிய வெயிலில் தரையிலிருந்து 3 கி.மீ. வரை புகை ஒரே சீராகக் கலந்து நிற்கிறது. ஆனால் திருத்தாத வரைபடமோ 1,345-லிருந்து 1,000-க்கு இறங்கி, 'உயரத்தோடு புகை குறைகிறது' என்று சொல்லும். இதே பிழை வேறு விதத்திலும் நடக்கும். நிஜமாகவே மேலே இருக்கும் ஒரு மெல்லிய அடுக்கு திருத்தாத வரைபடத்தில் கரைந்துபோகும்.

இன்னும் இரண்டு கண்ணிகள் உண்டு. சிலர் தரநிலை என்று 0 டிகிரியை வைக்கிறார்கள், சிலர் 25 டிகிரியை. இதிலேயே 9 சதவீத வித்தியாசம். அடுத்து, கருவிக்குள் இருக்கும் அழுத்தமும் வெப்பநிலையும் வெளியே இருப்பவை அல்ல. வெளியே 10 டிகிரி இருக்கும்போது கருவிக்குள் 30 இருக்கலாம். ஏத்தலோமீட்டரின் ஓட்டமானி நிறை அடிப்படையில் லிட்டர் சொல்லும் வகையா, கன அளவு சொல்லும் வகையா என்று கையேட்டில் பார்க்காமல் திருத்தினால் ஒரே திருத்தம் இரண்டு முறை விழும். ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது, காற்று எவ்வளவு சூடாகிறது என்ற கணக்குக்கு உள்ளபடியான அளவு வேண்டும். எங்கிருந்து வந்தது, எவ்வளவு கலந்தது என்ற கேள்விக்குத் தரப்படுத்திய அளவு வேண்டும். ஆய்வேட்டில் இரண்டையும் போட்டுவிடுங்கள்.

விமானம் தன் புகையையே அளந்துவிடாதா?
– வாசகர், ஈரோடு

அளக்கும், தன் தடத்தையே குறுக்கே வெட்டினால். ஒடுக்க எண்ணி திடீரென்று பல ஆயிரம் ஏறும், பிகாஸ்ப் அசையாது; ஏனென்றால் புதிய எஞ்சின் புகை மிகச் சிறிய துகள். அந்த விநாடிகளை வெட்டி எறிய வேண்டும். வட்டமடித்து ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றோடு சேர்ந்து நகர விட்டால், விமானமும் பழைய புகையும் ஒன்றாகவே நகர்ந்து, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக விலகி நிற்கும்.

ஏறிக்கொண்டே அளப்பது நல்லதா, ஒவ்வொரு உயரத்திலும் நிதானமாகப் பறந்து அளப்பதா?
– விமானப் பொறியியல் மாணவர், குரோம்பேட்டை

கருவியைப் பொறுத்தது. எண்ணிக்கைக் கணக்கிலிருந்து தொடங்குவோம். பிகாஸ்ப் விநாடிக்கு சுமார் 1 கன செ.மீ. காற்றைத்தான் பார்க்கிறது. கன செ.மீ.க்கு 20 துகள் உள்ள சுத்தமான காற்றில் ஒரு விநாடிக்கு 20 துகள். எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் பிழை என்ற விதிப்படி அது நாலரை, அதாவது 22 சதவீதம். 60 விநாடி சேர்த்தால் 1,200 துகள், பிழை 3 சதவீதத்துக்குள். நிமிடத்துக்கு 150 மீட்டர் ஏறினால் அந்த ஒரு நிமிடம் 150 மீட்டர் தடிமன் உள்ள அடுக்காகிறது. பெரும்பாலான வேலைக்கு இது போதும். ஏத்தலோமீட்டருக்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். அழுத்தம் மாறிக்கொண்டே இருந்தால் அது வேறு குழம்பும். அதற்குச் சமதளப் பறப்புதான் வழி. ஐந்து நிமிடச் சராசரி ஒன்று 30 கி.மீ. நீளம். ஒரு உயரத்தில் அரைமணி பறந்தால் ஆறு சராசரிகள் கிடைக்கும். அதில் முதலாவதைத் தூக்கி எறிந்தாலும் ஐந்து மிஞ்சும்.

ஆனால் ஆறு உயரம், ஒவ்வொன்றிலும் அரைமணி என்றால் மூன்று மணி நேரம். காலை 9 மணிக்குத் தரையோரம் அளக்கிறீர்கள், 12 மணிக்கு உச்சியில் அளக்கிறீர்கள். இடையில் வெயில் ஏறி, கலவை அடுக்கு (வெயில் சூட்டில் மேலும் கீழும் கலக்கும் தரையோரக் காற்று) ஒரு கிலோமீட்டருக்கு மேலே கூட வளர்ந்திருக்கும். வரைபடத்தில் உயரமும் நேரமும் ஒன்றோடொன்று பின்னிப்போகும். இதற்கு ஒரே பரிகாரம், படிப்படியாக ஏறி முடித்தபின் வட்டமடித்து 20 நிமிடத்தில் இறங்கிவிடுவது. இறங்கும்போது வேகமான கருவிகள் தரும் கோடும் ஏறும்போது கிடைத்த புள்ளிகளும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் பகலில் காற்று மாறியது என்று அர்த்தம், அதையும் எழுத வேண்டும்.

இறங்கும் கோடும் ஏறும் கோடும் ஒரே வடிவத்தில், ஆனால் மேலும் கீழுமாக நகர்ந்து தெரிந்தால் அது காற்றின் குற்றமில்லை, தாமதம். 3 மீட்டர் நீளம், 10 மி.மீ. உள்விட்டம் உள்ள குழாயில் 235 கன செ.மீ. காற்று நிற்கும், நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடினால் 1.4 விநாடி தாமதம். நெஃபலோமீட்டரின் வயிற்றில் சில லிட்டர் காற்று இருப்பதால் அங்கே பத்து விநாடி வரை இழுக்கும். விநாடிக்கு 2.5 மீட்டர் ஏறும்போது 25 மீட்டர் இடப்பெயர்ச்சி. இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை நேரத்தை நகர்த்திப் பார்த்தே தாமதத்தைக் கண்டுபிடிக்கலாம்.

ஐகார்ப் போன்ற பறப்புகள் ஏன் 3 கி.மீ.யோடு நின்றன என்று அடுத்துக் கேட்பீர்கள். காற்றழுத்தம் ஏற்றாத கேபினில் கருவிகள் வெளிக்காற்றை எளிதாக உறிஞ்சலாம், கசிவுத் தொல்லை குறைவு. ஆனால் 10,000 அடிக்கு மேல் உள்ளே இருப்பவர்களுக்கு ஆக்சிஜன் முகமூடி வேண்டும். அழுத்தம் ஏற்றிய கேபின் என்றால் உயரே போகலாம். அப்போது ஒரு இணைப்பு சற்றுத் தளர்ந்தாலும் உள்ளே இருப்பவர்களின் சட்டை நூலும் கேபின் தூசியும் குழாய்க்குள் போய்விடும். பறப்புக்கு முன் இன்லெட் வாயில் வடிகட்டியை மாட்டி, எல்லா எண்ணிகளும் பூஜ்யத்துக்கு இறங்குகின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். இயன்றால் உயரத்திலும் ஒருமுறை.

மேகத்துக்குள் போனால் துகள் எண்ணிக்கை திடீரென்று கூடுகிறதாமே?
– வாசகி, நாகர்கோவில்

கூடுவது துகள் அல்ல, உடைந்த நீர்த்துளி. மேகத் துளி 100 மீட்டர் வேகத்தில் இன்லெட்டின் விளிம்பில் மோதிப் பல துண்டாகச் சிதறுகிறது. துண்டுகள் உலர்ந்து ஒவ்வொன்றும் ஒரு துகளாக எண்ணப்படுகிறது. அதனால் துளிகளை எண்ணும் கருவி மேகம் என்று காட்டிய நேரத்தையும், அதற்குப் பின் குழாய் உலரும் சில விநாடிகளையும் துகள் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். மேகத்துளிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரிய வேண்டுமானால், வாயிலிருந்து எதிர்த்திசையில் வெளியே காற்றை ஊதும் தனி இன்லெட் உண்டு. சின்னத் துகள் அந்த எதிர்க்காற்றில் திரும்பிவிடும், கனத்த துளி மட்டும் தன் வேகத்தின் உந்துதலில் உள்ளே நுழையும். துளியை உலர்த்தினால் அதன் விதைத் துகள் கையில்.

நம் நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்வது புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம். 2009-ல் தொடங்கிய 'கைபீக்ஸ்' ஆய்வில் மேகத்துக்குக் கீழே துகளையும் மேகத்துக்குள் துளியையும் ஒரே பறப்பில் அளந்தார்கள். 2018, 2019-ல் மழைமறைவுப் பகுதியான சோலாப்பூரில் மேகத்தில் உப்புத் தூவிப் பார்த்த சோதனையும் இதன் தொடர்ச்சிதான். துகள் அதிகமான காற்றில் மேகத்துளிகள் சிறியதாகிவிடுகின்றன. துளியின் ஆரம் 12–14 மைக்ரானை எட்டினால்தான் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து மழையாகும் என்பதால், மாசுபட்ட மேகம் மழை தர இன்னும் உயரமாக வளர வேண்டியிருக்கிறது.

இத்தனை பாடுபட்டு நம் வானத்தில் என்னதான் கண்டார்கள்?
– வாசகர், மதுரை

புகை தரையோரத்தில் மட்டும் நிற்பதில்லை என்பதை. 1999-ல் மாலத்தீவை மையமாக வைத்து நடந்த 'இண்டோஎக்ஸ்' ஆய்வில், இந்தியப் பெருங்கடல்மேல் வந்த தெற்காசியப் புகை கடலோர ஈரக்காற்றுக்கு மேலேயும் அடுக்காக ஓடுவதை விமானங்கள் பார்த்தன. அதை வளிமண்டல வேதியியலாளர் பால் குருட்சனுடன் சேர்ந்து வழிநடத்தியவர் வி. ராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அவரே 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாதூவிலிருந்து மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, 0.5 முதல் 3 கி.மீ. உயரத்துக்குள் ஒரே நேரத்தில் பறக்கவிட்டார். மேலே ஒன்று, புகைக்கு நடுவே ஒன்று, கீழே ஒன்று. மேலேயும் கீழேயும், இறங்கி வரும் ஒளியிலிருந்து திரும்பி எழும் ஒளியைக் கழித்து, அந்த இரண்டு விடைகளின் வித்தியாசத்தை எடுத்தால் நடுவில் விழுங்கப்பட்டது தெரிந்துவிடும். எந்த ஊகமும் தேவையில்லை. அந்தப் புகை சூரியனால் காற்று சூடாவதைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று 2007-ல் முடிவு வெளியானது. ஒரே விமானம் மாறிமாறி ஏறி இறங்கி இதைச் செய்திருந்தால், அதற்குள் சூரியனே நகர்ந்திருக்கும்.

விமானம் எட்டாத உயரத்துக்கு பலூன். 2010 மார்ச்சில் ஹைதராபாத்திலிருந்து ஏத்தலோமீட்டரைப் பலூனில் கட்டி 9 கி.மீ. வரை அனுப்பியபோது, புகைக்கரி 4.5 கி.மீ. அருகிலும் 8 கி.மீ.க்கு மேலும் இரண்டு முகடுகளாகக் கிடைத்தது. கரி அடுக்கு வெயிலைக் குடித்துத் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடேற்றி, தன் கீழே தலைகீழ் வெப்பநிலையை (மேலே போகப்போகச் சூடு கூடும் நிலையை) உருவாக்கி, தானே மேலும் எழும்பி அங்கேயே தங்குகிறதோ என்ற கேள்வியை அந்த அளவீடு எழுப்பியது. மேகத்துக்கு மேலே நிற்கும் கரிக்குக் கூடுதல் தீனி வேறு: மேலிருந்து வரும் ஒளியையும் விழுங்கும், மேகத்தில் பட்டுத் திரும்பும் ஒளியையும் விழுங்கும்.

இன்னும் மேலே, 13 முதல் 18 கி.மீ.யில், பருவமழைக் காலத்தில் ஆசியாமேல் ஒரு துகள் அடுக்கு உருவாகிறது. கலிப்ஸோ அதைக் காட்டிய பிறகு, 2017-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பிய 'ஜியோஃபிசிகா' என்ற உயரப்பறப்பு விமானம் அங்கே போய்ப் பார்த்தது. அதில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. வயலிலிருந்தும் மாட்டுத்தொழுவத்திலிருந்தும் எழும் அம்மோனியா இடிமேகங்களில் ஏறி அவ்வளவு தூரம் போகிறது.

எங்கள் கல்லூரியில் டிரோன் இருக்கிறது. மலிவான பி.எம். 2.5 சென்சாரை மாட்டி அளக்கலாமா?
– பொறியியல் கல்லூரி மாணவர்கள், தஞ்சாவூர்

தாராளமாக. ஆனால் மூன்று விஷயம். சாதாரணமாகப் பச்சை மண்டலத்தில், அதாவது தடையில்லாத வான்பகுதியில், அனுமதியின்றிப் பறக்கக்கூடிய உயரம் 400 அடி, அதாவது 120 மீட்டர். விமான நிலையம், விமானப்படைத் தளம் அருகே இருந்தால் விதி வேறு, முதலில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தைப் பாருங்கள். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் இதை அலட்சியமாக விட வேண்டாம். 120 மீட்டர் குறைவு என்று நினைக்காதீர்கள்; மார்கழி விடியலில் தரையோரப் புகை முழுவதும் பெரும்பாலும் அந்த உயரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

அடுத்து, டிரோனின் விசிறிகள் மேல்காற்றைக் கீழே தள்ளுகின்றன. சென்சாரை வயிற்றில் கட்டினால் நீங்கள் அளப்பது சில மீட்டர் மேலே இருந்த காற்றை. லேசான கார்பன் குழாயில் மேல்நோக்கி, விசிறித் தளத்துக்கு மேலே நிற்கும்படி உறிஞ்சுவாயை வையுங்கள். ஒவ்வொரு 20 மீட்டருக்கும் ஒரு நிமிடம் அசையாமல் நிறுத்துங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அளங்கள். இறங்கும்போது தன் விசிறிக்காற்றுக்குள்ளேயே இறங்குவதால் அந்தக் கோட்டைச் சந்தேகத்தோடு பாருங்கள்.

கடைசியாக, இந்த மலிவு சென்சார்கள் துகளை உலர்த்துவதில்லை. ஈரப்பதம் 80 சதவீதம் தாண்டினால் நீரால் ஊதிய துகளைப் பார்த்து அளவைக் கூட்டிச் சொல்லும். பனிமூட்டத்தில் பொருளே இல்லாத எண்கள் வரும். கூடவே ஈரப்பதச் சென்சார் ஒன்றைக் கட்டி, 80-க்கு மேல் வந்த புள்ளிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். ஒரே மாதிரி இரண்டு சென்சார் வாங்கி, ஒன்றை மேலே அனுப்பி ஒன்றைத் தரையில் வையுங்கள். பறப்புக்கு முன்னும் பின்னும் இரண்டையும் பத்து நிமிடம் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் தெரிந்துவிடும்.

பயணிகள் விமானத்திலேயே கருவியை வைத்தால் செலவு மிச்சமாகாதா?
– வாசகர், புதுச்சேரி

வைத்திருக்கிறார்கள். 'கரிபிக்' என்ற ஐரோப்பியத் திட்டத்தில், லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ340-600 ஒன்றின் சரக்கறையில் ஒன்றரை டன்னுக்கு மேல் எடையுள்ள கருவிப் பெட்டியை ஏற்றி, வயிற்றில் இன்லெட் பொருத்தினார்கள். 2008-ல் அது ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே பலமுறை பறந்து, தென்மேற்குப் பருவமழையின் மேல்காற்றை மாதாமாதம் அளந்தது. குறை என்னவென்றால் விமானம் 10–12 கி.மீ. உயரத்திலேயே ஓடும், இடைப்பட்ட உயரங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டும், அதுவும் நிலையங்களுக்கு மேலே மட்டும் கிடைக்கும். மேலும் விமான நிலையத்தின் அழுக்குக் காற்று குழாயைக் கறைப்படுத்தாமல் இருக்க, தரையோரத்தில் பம்புகளை நிறுத்திவைப்பதும் உண்டு. 500 மீட்டரிலிருந்து 4 கி.மீ. வரை உள்ள புகையடுக்கு வேண்டுமென்றால் அதற்கென்றே பறக்கும் விமானம்தான்.